பின் வீல் அகலமா போட்ட அம்பாசடர்: இன்சூரன்ஸ் கம்பெனி 60% தரேங்குது, கேஸ் போடலாமா?

வந்த கேள்விய முதல்ல சுருக்கி சொல்லிடறேன். அப்பா ஓட்டின 1971 மார்க் 2 அம்பாசடர். பின்னாடி ரெண்டு பக்கமும் அகலமான அலாய் வீலும் ரேடியல் டயரும் போட்டிருக்காங்க, டயர் இடிக்குதுன்னு ஃபெண்டர் (வீலுக்கு மேல இருக்கற தகடு) உள் ஓரத்த கட் பண்ணி மடக்கியும் இருக்காங்க. ஆறு மாசம் கழிச்சு குடும்பத்தோட அஞ்சு பேரா போறப்ப பின் டயர் வெடிச்சு, வண்டி இழுத்துட்டுப் போய் ஒரு பைக்காரர் மேல மோதி அவருக்கு கால் எலும்பு முறிஞ்சிருக்கு. இன்சூரன்ஸ் கம்பெனி "வண்டிய மாத்தியிருக்கீங்க, ஓன் டேமேஜ்ல 60 சதவீதம்தான்"னு லெட்டர் அனுப்பியிருக்கு (ஓன் டேமேஜ்னா சொந்த வண்டி சேதத்துக்கான பணம்). பைக்காரர் ட்ரிப்யூனல்ல (விபத்து நஷ்டஈடு கேக்கற கோர்ட்டு) கேஸ் போட்டாச்சு. மெக்கானிக், சர்வேயர் (சேதத்த மதிப்பிட வந்தவர்), கம்பெனி, ஏஜெண்ட் நாலு பேர் மேலயும் கேஸ் போடணும், எங்க ஆரம்பிக்கறதுன்னு கேக்கறார்.

அப்பா ஞாபகமா வச்சிருந்த வண்டி, சர்வேயர் மரியாதை இல்லாம பேசினது, ஏஜெண்ட் அதே வண்டில உக்காந்து டீ குடிக்கப் போனது எல்லாத்தையும் படிச்சேன். உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா ஜட்ஜ் பாக்கப் போறது ஒண்ணே ஒண்ணுதான். டயர் உரசுதுன்னு விபத்துக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா?

தெரியும்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. கம்பெனிக்கு அனுப்பின ரெண்டு பக்க விளக்கத்துல "பின் சீட்ல மூணு பேர் உக்காந்தா லேசா உரசும், அதனால எப்பவும் மெதுவாதான் போவேன்"னு ஒரு வரி இருக்கு. கவனமா ஓட்டுற ஆளுன்னு காட்ட எழுதினீங்க, ஆனா மோட்டார் வாகன சட்டம் 190வது பிரிவு கேக்கற வார்த்தையே அதுதான்: குறை இருக்கறது தெரிஞ்சும், இல்ல சாதாரண கவனத்துல கண்டுபிடிச்சிருக்க முடிஞ்சும் வண்டிய ரோட்ல ஓட்டுறது. அதனால ஆளுக்கு காயம் ஆச்சுன்னா மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 5,000 ரூபா அபராதம், இல்ல ரெண்டும். போலீஸ் கேஸ் தனி.

"ஆர்.சி. புக்ல டயர் சைஸே போடல, அப்புறம் எப்படி மாத்தினேன்னு சொல்லலாம்"னு கேட்டிருக்கீங்க. 52வது பிரிவுல ஆல்டரேஷன்னா வண்டியோட ஸ்ட்ரக்சர் மாறி அதோட அடிப்படை அம்சமே மாறுறதுன்னு விளக்கம் இருக்கு, அத வச்சு வீல் மட்டும் மாத்தியிருந்தா நான் வாதாடிப் பாப்பேன். ஃபெண்டர வெட்டின பிறகு அந்த வாதம் ரொம்ப பலவீனமாயிடுச்சு. 2019 ஜனவரில கேரள ஆர்.டி.ஓ. கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு, தயாரிச்ச கம்பெனி கொடுத்த ஒரிஜினல் ஸ்பெசிஃபிகேஷன்தான் அளவுகோல்னு சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182ஏ(4) சேந்து, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்ல ஆறு மாசம் வரை ஜெயில், இல்ல ரெண்டும்னு ஓனர் தலைல விழுது, மெக்கானிக் தலைல இல்ல.

மெக்கானிக் "ஒண்ணும் ஆகாது"ன்னு வாயால சொன்னது கோர்ட்ல நிக்காது. டயர் சைஸும் ஃபெண்டர் வேலையும் எழுதின பில் இருந்தா ரெண்டு வருஷத்துக்குள்ள கன்ஸ்யூமர் கமிஷன் போகலாம், அத அப்புறம் பாத்துக்கலாம்.

இப்ப நான் பயப்படற விஷயத்துக்கு வரேன், தயவுசெஞ்சு இத மட்டும் ரெண்டு தடவ படிங்க. 60 சதவீத லெட்டரோட ஒரு டிஸ்சார்ஜ் வவுச்சரும் (பணத்த வாங்கிக்கிட்டு கிளைம முடிச்சுக்கறேன்னு கையெழுத்து போடற பேப்பர்) அனுப்பியிருப்பாங்க. அதுல "அனுமதியில்லாத மாற்றத்தால் பாலிசி நிபந்தனைய மீறினத ஒத்துக்கறேன்"ங்கிற மாதிரி ஒரு வரி இருந்து நீங்க கையெழுத்து போட்டா, அதே பேப்பர கம்பெனி வக்கீல் ட்ரிப்யூனல்ல எடுத்து வைப்பார். மூணாம் நபர் கிளைம்ல கம்பெனி சொல்லக்கூடிய காரணங்கள 150வது பிரிவு எண்ணி வச்சிருக்கு, அதுல "டயர் அகலம்"னு எதுவும் கிடையாது. ஆனா முக்கியமான விவரத்த மறைச்சு வாங்கின பாலிசின்னா அது செல்லாதுன்னு ஒரு வழி இருக்கு. நீங்க வீல் மாத்தினதுக்கு அப்புறம் ஆன்லைன்ல ரினீவல் பண்ணப்ப "வண்டில மாற்றம் இல்ல"ன்னு டிக் அடிச்சீங்களா? உங்க லெட்டர்ல அதப் பத்தி மூச்சே இல்ல. அந்த டிக்கும் இந்த வவுச்சரும் சேந்துச்சுன்னா கம்பெனி பைக்காரருக்குப் பணம் கட்டிட்டு அத உங்ககிட்ட வசூல் பண்ணிக்க ஆர்டர் கேக்கும், அதுக்கு தனியா சூட் கூட போட வேண்டாம், அதே கேஸ்லயே எக்ஸிக்யூஷன், அதாவது வசூல் நடவடிக்கை, வந்துடும். ஓன் டேமேஜ்ல கிடைச்ச கொஞ்சப் பணத்துக்கு அவசரப்பட்டு கையெழுத்து போட்டு, மூணு வருஷம் கழிச்சு வீட்டு மேல ஜப்தி நோட்டீஸ் வாங்கின கிளையண்ட்ட நான் பாத்திருக்கேன். அவங்க வீட்டம்மா என் ஆஃபீஸ்ல உக்காந்து அழுதத இன்னும் மறக்க முடியல.

இன்னொரு தப்பும் நிறைய பேர் பண்றாங்க, பயத்துல பழைய ஸ்டீல் வீல மாட்டிட்டு அகல வீல வித்துடறாங்க. பண்ணிடாதீங்க. சர்வேயர் ஃபோட்டோவ எடுத்து வச்சிருக்கார், அப்புறம் சாட்சியத்த அழிச்ச ஆள் ஆயிடுவீங்க. வெடிச்ச டயரும் உங்களுக்கு உதவலாம். பக்கச் சுவர்ல உரசின தடம் இல்லாம நடுவுல ஆணி ஏறின ஓட்டை இருந்தா கதையே வேற. டயர் பக்கச் சுவர்ல இருக்கற நாலு இலக்க நம்பரையும் பாருங்க, முதல் ரெண்டு இலக்கம் தயாரிச்ச வாரம், அடுத்த ரெண்டு வருஷம், பழைய ஸ்டாக்க தலைல கட்டினாங்களான்னு தெரியும்.

எம்.வி.ஐ. ரிப்போர்ட் (விபத்துக்கு அப்புறம் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டிய பாத்து கொடுக்கறது) பத்தி நீங்க ஒரு வார்த்த கூட எழுதல, நான் முதல்ல கேக்கறதே அதத்தான். "விபத்து மெக்கானிக்கல் குறையால் ஏற்படவில்லை"ன்னு அதுல இருந்தா, மாற்றத்துக்கும் விபத்துக்கும் சம்பந்தமே இல்லன்னு ட்ரிப்யூனல்ல நிக்க ஒரு கால் கிடைக்கும். அப்படி இருந்தா இனிமே யாருக்கும் எந்த விளக்க லெட்டரும் எழுதாதீங்க, வாட்ஸ்அப்ல கூட வேண்டாம்.

என் கருத்த நேரா சொல்றேன், கேஸ் போடாதீங்க, செட்டில் பண்ணுங்க. நிபந்தனை மீறல் கேஸ்ல 75 சதவீதம் வரைக்கும் நான்-ஸ்டாண்டர்ட் அடிப்படைல, அதாவது முழுசா மறுக்காம குறைச்சு, கொடுக்கற வழிமுறைய 2010ல சுப்ரீம் கோர்ட்டு அமலேந்து சாஹு கேஸ்ல ஏத்துக்கிட்டிருக்கு, அது காரை வாடகைக்கு விட்ட கேஸ். அத காட்டி 75 கேளுங்க, கொடுக்கலன்னா 70க்காவது இறங்கி வாங்க. வவுச்சர்ல "மீறல ஒத்துக்கறேன்"ங்கிற வரிய அடிக்க சொல்லி, "ஓன் டேமேஜ் கணக்குக்கு மட்டும், எந்த ஒப்புதலும் இல்லாம"ன்னு எழுதி வாங்கினாதான் கையெழுத்து. அடிக்க மாட்டோம்னு சொன்னா அந்தப் பணத்த விட்டுடுங்க, நிஜமா சொல்றேன், விட்டுடுங்க.

பைக்காரர் கேஸ லோக் அதாலத்ல முடிக்கப் பாருங்க, கம்பெனியும் சேந்து உக்காரணும், அவார்ட்ல பணத்த கம்பெனியே கட்டுது, உங்ககிட்ட வசூல் பண்ற உரிமை இல்லன்னு தெளிவா வரணும். அந்த மனுஷனுக்கு கால் உடைஞ்சிருக்கு, வேலைக்குப் போக முடியாம இருப்பார், உங்க பதினஞ்சு பக்கத்துல அவரப் பத்தி ரெண்டு வரிதான் இருந்துச்சு. போய் ஒரு தடவ பாத்துட்டு வாங்க, ஆனா பணம் பத்தியோ யார் மேல தப்புன்னோ அங்க பேசாதீங்க.

அடுத்த ஹியரிங்குக்கு முன்னாடி உங்க வக்கீல்கிட்ட மூணு பேப்பர் கொடுத்துடுங்க: எம்.வி.ஐ. ரிப்போர்ட், ரினீவல் ப்ரொபோசல் காப்பி, நீங்க அனுப்பின அந்த ரெண்டு பக்க லெட்டர். லெட்டர மறைக்காதீங்க, அது ஏற்கனவே எதிர் வக்கீல் கைல இருக்கு.