ரெஸ்யூமேயில் உங்கள் வேலை எங்கே? – வாசகர் கேள்வி பதில்

ஆங்கில ரெஸ்யூமே எழுதுவதில் உள்ள ஐயங்களைக் கேட்டு எழுதும்படி சென்ற இதழில் அழைத்திருந்தோம். கடிதம் எழுதியவர்களில் பலர் தங்கள் ரெஸ்யூமேயையும் உடன் அனுப்பியிருந்தார்கள். அவற்றைப் படித்தபின், பலருக்கும் பொதுவாக இருந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் அடையாளம் தெரியாதபடி விவரங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஒரு கிடங்கில் 7 ஆண்டுகளாக இருப்புக் கணக்கைப் பார்த்துவருகிறேன். வேறு வேலைக்கு 40 இடங்களுக்கு மேல் விண்ணப்பித்தும் ஓரிடத்திலிருந்தும் நேர்காணலுக்கு அழைப்பு வரவில்லை. நண்பர் கொடுத்த மாதிரியைப் பார்த்துத்தான் ரெஸ்யூமே தயாரித்தேன். என் ஆங்கிலம்தான் காரணமா?

உங்கள் ஆங்கிலத்தில் குறிப்பிடத்தக்க பிழை எதுவும் இல்லை. வளர்ந்துவரும் நிறுவனமொன்றில் சவாலான பொறுப்பை ஏற்றுத் திறமையை மெருகேற்றிக்கொள்ள விரும்புவதாக, ‘அப்ஜெக்டிவ்’ என்ற தலைப்பின் கீழ் 6 வரிகள் எழுதியிருக்கிறீர்கள். விண்ணப்பங்களைப் படித்துத் தேர்வு செய்யும் பணியில் இருந்த காலத்தில் இதே வரிகளை எத்தனையோ ரெஸ்யூமேக்களில் நான் படித்திருக்கிறேன். எந்தத் துறையைச் சேர்ந்தவரும் எந்த வேலைக்கும் அதை எழுதிவிட முடியும் என்பதால், அது உங்களைப் பற்றி எதையுமே சொல்லவில்லை. பக்கத்தின் மிக மதிப்புள்ள இடம் வீணாகிவிட்டது.

அதற்குக் கீழே, 7 ஆண்டு உழைப்பை ‘ரெஸ்பான்சிபிள் ஃபார் ஸ்டாக் மெயின்டனன்ஸ்’ என்ற ஒற்றை வரியில் முடித்துவிட்டீர்கள். இந்த வரி உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பைச் சொல்கிறதே தவிர, அதை நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்பதைச் சொல்லவில்லை. அந்தப் பொறுப்பை அரைகுறையாகச் செய்த ஒருவரும் இதே வரியை எழுதலாம், அதில் பொய்யும் இருக்காது.

ஆனால் எனக்கு எழுதிய கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒன்றைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். முன்பெல்லாம் மாதம் ஒருமுறை 2 நாள் வேலையை நிறுத்திவிட்டு மொத்தச் சரக்கையும் எண்ணுவார்கள் என்றும், நீங்கள்தான் ஒரு நாளைக்கு ஓர் அடுக்கு என்று தினமும் எண்ணும் முறையைத் தொடங்கினீர்கள் என்றும், ஓராண்டுக்குள் கணக்கில் ஒத்துவராத பொருள்களின் எண்ணிக்கை மாதத்துக்கு 60 என்பதிலிருந்து 15 ஆகக் குறைந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மனம் பொறுக்கவில்லை. வேலை கொடுப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி என் கைக்கு வந்திருக்கிறது, அவர் கைக்குப் போகவில்லை.

அந்த வரியை எடுத்துவிட்டு இப்படி எழுதுங்கள்: ‘இன்ட்ரொடியூஸ்டு டெய்லி ராக் கவுன்ட்; ரெடியூஸ்டு மன்த்லி ஸ்டாக் மிஸ்மேட்ச் ஃப்ரம் 60 ஐட்டம்ஸ் டு 15’. நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் என்ன மாறியது என்ற இரண்டும் இதில் வந்துவிட்டன. மாதந்தோறும் 2 நாள் வேலை நின்றது தவிர்க்கப்பட்டதை அடுத்த வரியாக எழுதலாம். இதேபோல் ஒவ்வோர் ஆண்டையும் நினைவுபடுத்திப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன் எப்படி இருந்தது, எதற்காக உங்களைத் தேடி வந்தார்கள், நீங்கள் விடுப்பில் இருந்த நாளில் எது தடைப்பட்டது என்று யோசித்தால் 4 அல்லது 5 வரிகள் கட்டாயம் கிடைக்கும். விளைவை எண்ணால் காட்ட முடியாத வேலைகளும் உண்டு. அங்கே எத்தனை பொருள்கள், எத்தனை பேர் கொண்ட குழு, வாரத்துக்கு எத்தனை முறை என்று வேலையின் அளவைக் காட்டினால் போதும். துல்லியமாகத் தெரியாத எண்ணை ‘அபவுட்’ என்ற சொல்லுடன் எழுதுங்கள். நேர்காணலில் அந்த எண் எப்படி வந்தது என்று கேட்டால் விளக்கத் தெரிய வேண்டும், ஆகவே கற்பனையாக எதையும் சேர்க்க வேண்டாம்.

அப்ஜெக்டிவ் இருந்த இடத்தில் ‘சம்மரி’ என்று 3 வரிகள் போதும். எத்தனை ஆண்டு அனுபவம், எந்த வேலையில், எந்த மென்பொருளில் பழக்கம், சிறப்பாகச் செய்த ஒன்று ஆகியவை அதில் இருக்கட்டும். இந்த 3 வரிகளையும் பணி அனுபவ வரிகளின் வரிசையையும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஏற்ப மாற்ற வேண்டும். விளம்பரத்தில் சரக்கு எண்ணிக்கை பற்றி முதலில் கேட்டிருந்தால் உங்கள் எண்ணிக்கை வரிதான் முதலில் வர வேண்டும். 40 இடங்களுக்கும் ஒரே தாளை அனுப்பியதைவிட, 10 இடங்களுக்குத் திருத்தி அனுப்பியிருந்தால் பயன் கூடுதலாக இருந்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ரெஸ்யூமே, சி.வி., பயோடேட்டா மூன்றும் ஒன்றா? எத்தனை பக்கம் இருக்கலாம்?

ரெஸ்யூமே என்பது ‘சுருக்கம்’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். சி.வி. என்பது ‘வாழ்வின் போக்கு’ என்ற பொருளுடைய லத்தீன் தொடரின் சுருக்கம். அமெரிக்காவில் சி.வி. என்றால் பேராசிரியர், ஆராய்ச்சியாளர் பணிகளுக்கான, கட்டுரைகளின் பட்டியல் அடங்கிய நீண்ட ஆவணம். பிரிட்டனில் சாதாரண வேலைக்கான 2 பக்கத் தாளையே சி.வி. என்கிறார்கள். பயோடேட்டா என்பது பெற்றோர் பெயர் முதலான சொந்த விவரங்களை முதன்மையாகக் கொண்ட பழைய வடிவம். விளம்பரத்தில் கேட்டிருந்தாலொழிய வேண்டாம். படிப்பை இப்போதுதான் முடித்தவருக்கு ஒரு பக்கம் போதும், 10 ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு 2 பக்கம் தாராளமாகப் பொருந்தும். அண்மைய வேலை மேலேயும் பழையது கீழேயும் இருக்க வேண்டும்.

கேள்வி: விண்ணப்பங்களை இப்போது கணினியே நிராகரித்துவிடுகிறது என்கிறார்களே, உண்மையா? விளம்பரத்தில் உள்ள சொற்களை எல்லாம் வெள்ளை எழுத்தில் மறைத்து ஒட்டினால் தப்பிக்கலாம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன்.

அந்த யோசனையைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். ‘அப்ளிகன்ட் டிராக்கிங் சிஸ்டம்’ என்னும் மென்பொருள் உங்கள் கோப்பிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுத்து, பெயர், கல்வி, பணி, திறன் என்று தனித்தனிக் கட்டங்களில் நிரப்புகிறது. அப்படிப் பிரித்தெடுக்கும்போது எழுத்தின் நிறம் போய்விடும். நீங்கள் மறைத்து ஒட்டியது முழுவதும் தேர்வாளரின் திரையில் தெரியும், உங்கள் நேர்மையும் கேள்விக்குள்ளாகும்.

பெரும்பாலும் இந்த மென்பொருள் தானாக யாரையும் நிராகரிப்பதில்லை. உரிமம் இருக்கிறதா, இத்தனை ஆண்டு அனுபவம் உண்டா என்று விண்ணப்பப் படிவத்தில் கேட்கும் ஆம்–இல்லை கேள்விகளால்தான் விண்ணப்பங்கள் உடனே ஒதுக்கப்படுகின்றன. மற்றபடி, தேர்வாளர் சில சொற்களைத் தட்டித் தேடும்போது உங்கள் பெயர் வராமல் போவதே பெரிய ஆபத்து. விளம்பரம் ‘இன்வென்டரி’ என்று சொல்லும்போது நீங்கள் ‘ஸ்டாக்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அப்படி நடக்கலாம். உண்மையிலேயே உங்களுக்குத் தெரிந்த வேலைக்கு விளம்பரத்தின் சொல்லையே பயன்படுத்துங்கள். சுருக்கப் பெயர்களை ஒருமுறையாவது விரித்தும் எழுதுங்கள்.

அழகான வடிவமைப்பு பலரை ஏமாற்றிவிடுகிறது. ஒரு வாசகி அனுப்பிய ரெஸ்யூமே இரண்டு பத்திகளாகப் பிரிக்கப்பட்டு, இடப்பக்கத்தில் திறன்களுக்கு நட்சத்திரக் குறிகளுடன் பார்க்க அருமையாக இருந்தது. அதிலுள்ள அனைத்தையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். இடப்பத்தியின் முதல் வரியும் வலப்பத்தியின் முதல் வரியும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன, அவர் பணியாற்றிய நிறுவனத்தின் பெயர் ‘டைப்பிங்’ என்ற சொல்லோடு சேர்ந்துவிட்டது, படமாக இருந்த நட்சத்திரங்கள் மறைந்தே போயின. மென்பொருளும் ஏறத்தாழ இதைத்தான் பார்க்கும். நீங்களும் அனுப்புவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துபாருங்கள். ஒரே பத்தி, ‘வொர்க் எக்ஸ்பீரியன்ஸ்’, ‘எஜுகேஷன்’, ‘ஸ்கில்ஸ்’ போன்ற வழக்கமான தலைப்புகள், 10 முதல் 12 புள்ளி அளவுள்ள எழுத்து ஆகியவை போதும். தொலைபேசி எண்ணைப் பக்கத்தின் தலைப்புப் பட்டையில் (வேர்டில் ‘ஹெடர்’ எனப்படும் பகுதி) வைக்காதீர்கள். சில மென்பொருள்கள் அந்தப் பகுதியைப் படிப்பதில்லை.

கேள்வி: புகைப்படம், பிறந்த தேதி, திருமண நிலை ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டுமா?

எந்த நாட்டு நிறுவனம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் இனம், நிறம், மதம், பாலினம், தேசப் பின்புலம் ஆகியவற்றைக் காட்டி வேலை மறுப்பதை 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டமும், 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வயதைக் காட்டி மறுப்பதை 1967ஆம் ஆண்டின் சட்டமும் தடை செய்கின்றன. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இதே பாதுகாப்பைத் தருகிறது. பாரபட்சம் காட்டியதாகக் குற்றச்சாட்டு எழக்கூடாது என்பதற்காகவே, படமும் வயதும் உள்ள விண்ணப்பங்களை அங்குள்ள தேர்வாளர்கள் விரும்புவதில்லை. கனடாவிலும் இதே நிலைதான். ஜெர்மனியில் 2006இல் சம நடத்தைச் சட்டம் வந்தபின் படம் கேட்டு வற்புறுத்துவதில்லை என்றாலும், பலர் இன்னும் இணைக்கிறார்கள். விளம்பரத்தில் கேட்காதவரை இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள். அடையாள அட்டை எண், கடவுச்சீட்டு எண், முழு வீட்டு முகவரி ஆகியவற்றை எந்த நாட்டுக்கும் எழுத வேண்டாம். அந்தத் தாள் யார் யார் கைக்குப் போகும் என்பது உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: அம்மாவின் உடல்நிலை காரணமாக 4 ஆண்டுகள் வேலையை விட்டிருந்தேன். இந்த இடைவெளியை எப்படி மறைப்பது?

மறைக்க வேண்டாம், அம்மா. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. முந்தைய வேலையின் தேதிகளை நீட்டி எழுதலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பணியில் சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும் பழைய நிறுவனத்திடம் கேட்டுச் சரிபார்ப்பது வழக்கமான நடைமுறை; அங்கே பொய் வெளிப்பட்டால் கிடைத்த வேலையும் போய்விடும். தேதிகளையே எழுதாமல் திறன்களை மட்டும் அடுக்கும் வடிவமும் உண்டு. அதைக் கண்டதும் தேர்வாளருக்கு முதலில் எழுவது ஐயம்தான்.

பணி அனுபவ வரிசையில் மற்ற வேலைகளைப் போலவே ‘கேரியர் பிரேக் – ஃபேமிலி கேர்கிவிங்’ என்று எழுதி ஆண்டுகளைக் குறிப்பிடுங்கள். நோயின் பெயரோ காரணமோ தேவையில்லை. இத்தகைய இடைவெளியைப் பதிவதற்கென்றே லிங்க்ட்இன் தளம் 2022இல் தனிப் பிரிவைத் தொடங்கியது. அந்த 4 ஆண்டுகளில் ஏதேனும் பயிற்சி முடித்திருந்தால், தெரிந்தவரின் தொழிலுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்திருந்தால், அதைக் கீழே ஒரு வரியாகச் சேருங்கள். ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் எழுத வேண்டாம். இடைவெளிக்கு முன் நீங்கள் செய்த வேலையைப் பற்றிய வரிகள் வலுவாக இருந்தால் இந்த ஒரு வரி உங்களைத் தடுக்காது.

கேள்வி: எனக்கு ஆங்கிலம் சுமாராகத்தான் வரும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்கலாமா?

திருத்துவதற்குப் பயன்படுத்துங்கள், எழுதுவதற்கு வேண்டாம். விவரம் கொடுக்காமல் கேட்டால் அது நீங்கள் செய்யாத வேலையையும் செய்ததாக எழுதிவிடும். நீங்கள் அனுப்பிய ரெஸ்யூமேயில் ‘ஸ்பியர்ஹெடெட்’, ‘லெவரேஜ்டு’ என்றெல்லாம் சொற்கள் இருக்கின்றன. நேர்காணலில் அந்த வரியைக் காட்டி விளக்கச் சொன்னால் நீங்கள் திணறுவீர்கள். ‘லெட்’, ‘மேட்’, ‘ரிப்பேர்டு’ போன்ற எளிய சொற்கள் தேர்வாளருக்கும் விரைவாகப் புரியும்.

முதலில் தமிழில் எழுதுங்கள். ‘பழுதான 12 இயந்திரங்களை ஒரு மாதத்தில் சரிசெய்தேன்’ என்று நீங்கள் இயல்பாகச் சொல்லும் வாக்கியத்தில் ‘நான்’ என்ற சொல்லே இல்லை. ரெஸ்யூமேயின் ஆங்கிலத்திலும் ‘ஐ’ எழுதுவதில்லை. தமிழில் கடைசியில் நிற்கும் வினைச்சொல்லை ஆங்கிலத்தில் வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தால், ‘ரிப்பேர்டு 12 மெஷின்ஸ் இன் ஒன் மன்த்’ என்று பாதி வேலை முடிந்துவிடும். விட்டுவிட்ட வேலைக்கு இறந்தகாலமும், இப்போது பார்க்கும் வேலையில் அன்றாடம் செய்வதற்கு நிகழ்காலமும் பயன்படுத்த வேண்டும்.

எழுத்துப்பிழை திருத்தும் கருவி எல்லாவற்றையும் பிடிக்காது. ‘மேனேஜர்’ என்ற சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டால் மாட்டுத்தொட்டியைக் குறிக்கும் வேறொரு சரியான ஆங்கிலச் சொல் ஆகிவிடும், கருவி அதைப் பிழையாகக் காட்டாது. ‘லீட்’ என்பதன் இறந்தகாலத்தை எல், இ, டி என்ற 3 எழுத்தால் எழுத வேண்டும். நடுவே ‘ஏ’ வந்தால் அதையும் கருவி விட்டுவிடும். பட்டம் பெற்றதை ‘பாஸ்டு அவுட்’ என்று எழுதாதீர்கள். பல நாடுகளில் அதற்கு மயங்கி விழுந்தார் என்று பொருள். ‘கிராஜுவேட்டட்’ என்று எழுதுங்கள். 05/08/2021 என்ற தேதி அமெரிக்கருக்கு மே மாதம், பிரிட்டிஷாருக்கு ஆகஸ்ட் மாதம் என்பதால் மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதுங்கள். பிரிட்டிஷ் எழுத்துமுறையோ அமெரிக்க எழுத்துமுறையோ, ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து தாள் முழுவதும் அதையே பின்பற்றுங்கள்.

முடித்தபின் ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்து, அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நிமிடம் பேசிப் பாருங்கள். பேச முடியாத வரியைப் பேச முடிகிற சொற்களில் மாற்றி எழுதுங்கள். பிறகு உங்கள் துறையைச் சேராத ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் என்ன வேலை செய்பவர் என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்டால், கோப்புக்கு உங்கள் பெயரையும் விண்ணப்பிக்கும் பதவியையும் தலைப்பாக இட்டு, விளம்பரத்தில் வேர்டு கோப்பு கேட்டிருந்தாலொழிய பி.டி.எஃப். ஆகவே அனுப்பிவிடுங்கள்.