பீரோவை வைத்து ஈரத்தை மறைக்கலாமா?

கேள்வி: பதினெட்டு வருடமாகக் குடியிருக்கும் வீட்டை விற்கப் போகிறோம். இதுவரை நான்கு பேர் வந்து பார்த்தார்கள். எல்லோரும் பத்து நிமிடத்தில், "கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்று கிளம்பிவிட்டார்கள். படுக்கையறைச் சுவரில் ஈரத்திட்டு ஒன்று இருக்கிறது. அடுத்தவர்கள் வருவதற்குள் பீரோவை அங்கே நகர்த்திவிடலாம் என்கிறார் என் கணவர். செய்யலாமா? அதிகம் செலவழிக்காமல் வேறு என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி

பதில்: வேண்டாம், சகோதரி. பீரோ இருந்த இடத்திலேயே இருக்கட்டும். எங்கள் வீட்டை விற்கும்போது நானும் இதைத்தான் செய்தேன். ஹால் சுவரில் பெயின்ட் கொப்பளித்த இடத்தில் பெரிய படம் ஒன்றை மாட்டினேன். பார்க்க வந்தவருக்கு வீடு பிடித்துப்போய், இரண்டாம் முறை மனைவியையும் அழைத்து வந்தார். அந்த அம்மா படத்தின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தார். சுவரில் பூத்திருந்த வெள்ளை உப்பு விரலில் ஒட்டியது. ஒன்றும் சொல்லாமல் அந்த விரலைக் கணவரிடம் காட்டினார். அதற்கப்புறம் நான் சொன்ன எதையும் அவர்கள் நம்பவில்லை. கூரை ஒழுகியதே இல்லை என்றேன், அது உண்மையும்கூட. ஆனாலும் அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனார்கள். திரும்பி வரவில்லை.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். திட்டின் மேல் ஒரு அலுமினியத் தாளை வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நீர் பூத்திருந்தால் அறைக்குள் இருக்கும் ஈரக்காற்றுதான் காரணமாக இருக்கும். ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. குழாய்க் கசிவா, வெளிச்சுவர் விரிசலா என்று பார்த்து அதைச் சரிசெய்யுங்கள். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பெயின்ட். காய்வதற்குச் சில வாரங்கள்கூட ஆகலாம். அவசரப்பட்டு ஈரத்தின் மேல் அடித்தால் மறுபடியும் கொப்பளிக்கும். அதற்குள் யாராவது வந்தால், வேலை செய்த ரசீதை எடுத்துக் காட்டுங்கள்.

அடுத்தது வாசனை. பதினெட்டு வருடம் இருந்த வீட்டின் வாசனை உங்கள் மூக்குக்குத் தெரியாது, பழகிப்போயிருக்கும். எப்போதாவது வரும் ஒருவரைக் கூப்பிட்டு, உள்ளே நுழைந்ததும் என்ன வாசனை வருகிறது என்று கேளுங்கள். புழங்காத குளியலறை இருந்தால் தரையில் தண்ணீர் வடியும் சல்லடை வழியாக இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். அதன் அடியில் வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தைத் தடுக்கிறது. அது வற்றிவிட்டால் அறை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நாற்றம் வரும். நறுமண ஸ்பிரே அடிக்காதீர்கள். எதை மறைக்க அடித்தார்கள் என்றுதான் வருபவர்களுக்குத் தோன்றும்.

குழாய்களில் படிந்த உப்புக்கறைக்கு வினிகர் நனைத்த துணியைச் சுற்றி அரைமணி நேரம் வைத்துத் தேய்த்தால் போதும். பளிங்குக் கல்லில் மட்டும் வினிகர் படக்கூடாது, அரித்துவிடும். ஜன்னல் கண்ணாடிகளைத் துடையுங்கள். ஒரே அறையில் ஒரு பல்பு மஞ்சளாகவும் இன்னொன்று வெள்ளையாகவும் இருந்தால் ஒன்றை மாற்றுங்கள். அலமாரிகளைத் திறந்து பார்ப்பார்கள், பார்க்கத்தான் வேண்டும். அதனால் வெளியே கிடப்பதையெல்லாம் அள்ளி உள்ளே திணிக்காமல், பாதி இடமாவது காலியாகத் தெரியும்படி வையுங்கள்.

செலவு செய்யக் கொஞ்சம்தான் பணம் இருக்கிறது என்றால், நான் வாசல் கதவுக்குத்தான் செய்வேன். நீங்கள் சாவியை இப்படியும் அப்படியும் திருகி, கதவைத் தோளால் தள்ளித் திறக்கும் அந்த அரை நிமிடம் அவர்கள் சும்மா நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கு அது பழகிய கதவு. அவர்களுக்கு இந்த வீட்டைப் பற்றித் தெரியவரும் முதல் விஷயம் அதுதான்.

சரி, பத்து நிமிட விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் சுற்றிப் பார்த்தபோது நீங்களும் அறை அறையாகக் கூடவே போனீர்களா? வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றால் கட்டிலை எங்கே போடலாம், இந்த அறை யாருக்கு என்று அவர்களால் வாய்விட்டுப் பேச முடியாது. சீக்கிரம் கிளம்பத்தான் தோன்றும். நகை, பத்திரம், மருந்து எல்லாவற்றையும் முன்பே பூட்டி வைத்துவிடுங்கள். வந்தவர்களிடம் அந்த ஈரச் சுவரை நீங்களே முதலில் காட்டி, என்ன செய்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம் வாசல் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள். கேள்வி இருந்தால் அவர்களே கூப்பிடுவார்கள்.