புரோட்டான் மெயிலில் வரும் மிரட்டல்: உங்கள் கேள்விக்கு

புரோட்டான் மெயில் என்கிற சுவிட்சர்லாந்து மின்னஞ்சல் சேவையிலிருந்து உங்கள் ஜிமெயிலுக்கு மிரட்டல் வருகிறது, புகார் கொடுக்கப் போனால் "சுவிஸ் கம்பெனி, ஒண்ணும் பண்ண முடியாது" என்று போலீஸ் ஸ்டேஷனில் கையை விரித்தார்கள் என்கிறீர்கள். அது பாதி உண்மைதான். வெளிநாட்டு போலீஸுக்கு புரோட்டான் நேரடியாகத் தகவல் தராது. சுவிஸ் அதிகாரிகள் வழியாகப் போனால் தந்தாக வேண்டும். 2021இல் பிரான்ஸில் ஒரு சூழலியல் போராளியின் ஐபி முகவரி (எந்த இணைய இணைப்பு என்று காட்டும் எண்) அப்படித்தான் போலீஸ் கைக்குப் போனது.

2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகளுக்கு புரோட்டான் வழியாக வெடிகுண்டுப் புரளி மெயில் வந்தது நினைவிருக்கிறதா? அப்போது இந்தியாவில் புரோட்டானையே முடக்கும் பேச்சு கிளம்பி, சுவிஸ் அரசு தலையிட்ட பிறகு அடங்கியது. கொசுவுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை, என்னைக் கேட்டால்.

நீங்கள் அந்த மெயில்களை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, மெயிலின் வலப்பக்க மூன்று புள்ளியில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்தி, முழுசாக டவுன்லோடு செய்து வையுங்கள். அதில் அனுப்பியவரின் ஐபி இருக்காது. ஆனால் மெசேஜ் ஐடியும் (ஒவ்வொரு மெயிலுக்கும் உள்ள தனி அடையாளக் குறியீடு) நேரமும் இருக்கும். சுவிஸுக்குக் கோரிக்கை போனால் அதுதான் பிடி. அதோடு தேசிய சைபர் கிரைம் போர்ட்டலில் புகார் பதிந்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். புரோட்டானுக்கும் தனியாகப் புகார் அனுப்புங்கள். அந்தக் கணக்கையாவது முடக்க வாய்ப்புண்டு.

பதில் மட்டும் போடவே போடாதீர்கள்.