எமிஷன் டெஸ்ட் வருகிறது, செக் என்ஜின் லைட் எரிகிறது: கேள்வி பதில்

அமெரிக்காவில் எல்லா மாநிலமும் எமிஷன் டெஸ்ட் (கார் புகைப் பரிசோதனை) கேட்பதில்லை. கேட்கும் இடங்களில், 1996 முதல் வந்த கார் என்றால் பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் வயரைச் செருகிக் காரின் கம்ப்யூட்டரையே விசாரித்துவிடுவார்கள். லைட் எரிந்தால் ஃபெயில். பல வருடம் பட்டறையில் இதே வேலை பார்த்தவன் என்பதால் பதில் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். பிரேக், டயர் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும்.

பெட்ரோல் போட்ட மறுநாள் லைட் வந்தது. ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) பி0457 என்ற பழுதுக் கோட் காட்டுகிறது. இந்த வாரம் டெஸ்ட்.

பெட்ரோல் டாங்க் மூடியைச் சரியாகத் திருகவில்லை, ஆவி ஒழுகுகிறது. கிளிக் சத்தம் வரும்வரை திருகுங்கள், ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மூடியை மாற்றுங்கள். லைட் உடனே அணையாது. கம்ப்யூட்டர் அதே சோதனையை ஓட்டிப் பார்த்து, அடுத்தடுத்து மூன்று முறை சரியாக இருந்தால்தான் தானாக அணைக்கும். டெஸ்டைச் சில நாள் தள்ளிப் போடுங்கள். ஸ்கேனர் வைத்து அழித்துவிடாதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

2012 கார், 1,30,000 மைல். பி0420. ஒரு கடையில் கன்வர்ட்டர் மாற்று என்கிறார்கள், இன்னொரு கடையில் சென்சார் மாற்று என்கிறார்கள். யாரை நம்புவது?

நல்ல கேள்வி. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன்னால் இருப்பது காட்டும் அளவு சாதாரணமாகவே மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருக்கும். கன்வர்ட்டர் நல்ல நிலையில் இருந்தால் ஆக்சிஜனைப் பிடித்து வைத்து மெதுவாக விடும். அதனால் பின்னால் இருப்பது கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். பின்னதும் முன்னதைப் போலவே துள்ள ஆரம்பித்தால் கம்ப்யூட்டர் பி0420 எழுதுகிறது. ஆகவே பின் சென்சாரை மட்டும் மாற்றுவது, காய்ச்சல் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை மாற்றுகிற கதைதான். பெரும்பாலும் ஒரு மாதத்தில் அதே கோட் திரும்பி வரும்.

அதற்காக உடனே கன்வர்ட்டரும் வாங்க வேண்டாம். சென்சார் பக்கத்தில் எக்ஸாஸ்ட் (புகைக் குழாய்) எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெளிக்காற்று உள்ளே போனாலே கணக்கு தப்பும். என்ஜின் ஆயில் குடிக்கிறதா, மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) கோட் ஏதாவது பழையது இருக்கிறதா என்பதும் முக்கியம். கன்வர்ட்டர் சும்மா சாவதில்லை, ஏதோ ஒன்று அதைக் கொல்கிறது. அதைச் சரி செய்யாமல் புதிது மாட்டினால் அதுவும் போகும். உங்களுக்குக் காலம் கடந்துவிட்டது, ஆனால் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கன்வர்ட்டருக்கும் என்ஜின் கம்ப்யூட்டருக்கும் 8 வருடம் அல்லது 80,000 மைல், எது முதலில் வருகிறதோ அதுவரை, ஃபெடரல் சட்டப்படி வாரண்டி உண்டு. இது தெரியாமல் காசு கொடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

லைட் விட்டு விட்டு மின்னுகிறது. டெஸ்ட் வரை ஓட்டலாமா?

கூடாது. மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிகிறது. ஓரமாக நிறுத்துங்கள்.

முந்தின இரவு பேட்டரியைக் கழற்றி மாட்டினால் லைட் போய்விடுமே?

போகும். கூடவே மானிட்டர்களும் போகும். கன்வர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் ஆவி என்று ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் தனித்தனியாகச் சோதித்து 'முடிந்தது' என்று குறித்து வைக்கும். பேட்டரியைக் கழற்றினாலும் ஸ்கேனரில் அழித்தாலும் அந்தக் குறிப்பெல்லாம் காலி. பெரும்பாலான மாநிலங்களில் 2001 முதல் வந்த காருக்கு ஒரு மானிட்டர் மட்டும் முடியாமல் இருக்கலாம், 1996 முதல் 2000 வரை இரண்டு. அதற்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழுது வந்த நேரத்தில் என்ஜின் எப்படி ஓடியது என்ற பதிவும் சேர்ந்து அழியும். மெக்கானிக்குக் கிடைக்கிற முக்கியமான தடயம் அது.

சார், நான் போன வருடம் அதையேதான் செய்தேன். இரண்டு நாள் ஓட்டிவிட்டுப் போனேன், பாஸ். சும்மா பயமுறுத்தாதீர்கள்.

உங்களுக்கு என்ன கோட் வந்தது?

ஞாபகமில்லை. அழித்துவிட்டேனே.

அதைத்தானே சொல்கிறேன். ஆனாலும் ஊகிக்கிறேன்: பெட்ரோல் ஆவி ஒழுகும் கோடாக இருந்திருக்கும். அந்த மானிட்டர்தான் கடைசியில் முடியும். இரண்டு நாளில் மற்றதெல்லாம் முடிந்து, இது ஒன்று மட்டும் பாக்கி நின்றிருக்கும். அந்த ஒன்றுக்குத்தான் அனுமதி உண்டே! வேறு கோடாக இருந்திருந்தால் அந்த மானிட்டர் ஓடி முடிந்ததும் லைட் மறுபடி வந்திருக்கும்.

அப்படியென்றால் தந்திரம் வேலை செய்கிறது என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

ஒரு கோடுக்கு, ஒரு தடவை, பழுது அப்படியே இருக்க. சரி, ஒப்புக்கொள்கிறேன்.

நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். நான் கலிஃபோர்னியாவில் இதைச் செய்து ஃபெயில் ஆனேன். 2014 கார். லைட் இல்லை, மானிட்டர் எல்லாம் முடிந்திருந்தது.

நிரந்தரக் கோட். 2010 முதல் வந்த கார்களில் அது தனியாகச் சேமிக்கப்படும். பேட்டரி கழற்றினாலும் ஸ்கேனர் வைத்தாலும் போகாது. பழுது தீர்ந்ததென்று கம்ப்யூட்டரே கண்டால்தான் அழிக்கும். கலிஃபோர்னியா 2019 ஜூலையிலிருந்து அதையும் பார்க்கிறது. மேலே வாதாடியவர் இதையும் படிக்கட்டும்.

அண்ணா, எனக்குப் பழுதே இல்லை. பேட்டரி செத்துப்போய்ப் புதிது மாட்டினேன். எப்படி மானிட்டர் முடிப்பது?

பெட்ரோல் கால் டாங்குக்கும் முக்கால் டாங்குக்கும் நடுவில் இருக்கட்டும். நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் ஆவிச் சோதனை ஓடாது. இரவு முழுக்கக் காரைத் தொடாதீர்கள். காலையில் ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிடுங்கள், அப்புறம் ஊருக்குள் நின்று நின்று ஓட்டுங்கள், பிறகு ஹைவேயில் 55 மைல் வேகத்தில் சீராகப் பதினைந்து நிமிடம். இறங்கும்போது பிரேக் தொடாமல் காலை எடுத்து வேகம் தானாகக் குறையட்டும். சரியான வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மலிவான ஸ்கேனரிலேயே எது முடிந்தது, எது பாக்கி என்று தெரியும். பார்த்துவிட்டுப் போங்கள்.

பேட்டரி வயரை ஒரு மணி நேரம் கழற்றி வைத்தால்?

மேலே பார்க்கவும்.

லைட் பல்பையே பிடுங்கிவிட்டால்?

சாவி திருப்பியதும் லைட் வருகிறதா என்பதையும் பார்ப்பார்கள். வராவிட்டாலும் ஃபெயில்.

பேட்டரிக்குப் பதில் ஃபியூஸைக் கழற்றினால்?

யாராவது ஒருவர் மேலே படியுங்கள்.

பின் சென்சாருக்கு ஒரு ஸ்பேசர் மாட்டினால் பி0420 வராதாமே?

சென்சாரை ஏமாற்றும் துண்டு அது. ஃபெடரல் சட்டப்படி அதற்குத் தடை. சொல்லித் தர மாட்டேன்.

பி0128. லைட் எரிகிறது, ஆனால் கார் நன்றாகத்தான் ஓடுகிறது.

என்ஜினை ஆற்றும் கூலன்ட் திரவத்துக்கு வழி திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கும், என்ஜின் போதுமான சூட்டுக்கு வரவில்லை. முதலில் என்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். தெர்மோஸ்டாட் பழுதென்றால் அதை மாற்றாமல் மற்ற மானிட்டர்களுக்குக் காத்திருக்காதீர்கள். சூடாகாத என்ஜினில் அதில் பாதி ஓடவே ஓடாது.