இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிடலாமா?

கேள்வி: வயது 42. வங்கி வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். உயரம் 158 செ.மீ. இரண்டு மாதமாக டயட்: காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கப் சோறு, இரவு ஒரு சப்பாத்தி. 76 கிலோவிலிருந்து 72-க்கு வந்தேன். மூன்று வாரமாக முள் அசையவில்லை, ஒரே சோர்வு. இரவுச் சாப்பாட்டையும் நிறுத்திவிடலாமா? ஜிம்முக்குப் போக நேரமில்லை. மாடி ஏறினால் முழங்கால் லேசாக வலிக்கிறது. – ஒரு வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். இரவுச் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். இப்போது சாப்பிடுவதே உங்களுக்குப் போதவில்லை.

முதலில் இறங்கிய நாலு கிலோவில் கொஞ்சம் வெறும் நீர். மீதியில் கொழுப்போடு தசையும் போயிருக்கும். உடம்பை அசைக்காமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால், இறங்கும் எடையில் கால்வாசி வரை தசையாக இருக்கலாம். தரையில் உட்கார்ந்து எழுவதற்கும் படி ஏறுவதற்கும் அந்தத் தசைதானே வேண்டும்? அதைக் காப்பாற்றத்தான் உடற்பயிற்சி. கலோரியை எரிப்பது அப்புறம்தான். அரை மணி நேரம் வேகமாக நடந்தாலும் உங்கள் எடைக்குச் சுமார் 150 கலோரிதான் செலவாகும். ஒரு உளுந்து வடையும் சர்க்கரை போட்ட காபியும் அதை ஈடுகட்டிவிடும்.

ஜிம் தேவையில்லை. வீட்டில் சக்கரம் இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அதன் முன்விளிம்பில் உட்கார்ந்து, கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு எழுந்து நில்லுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழக்கூடாது. மனசுக்குள் மூன்று எண்ணிக்கொண்டே மெல்ல இறங்க வேண்டும். எட்டு முறை. ஒரு நிமிட ஓய்வு, மறுபடி எட்டு. முழங்கால் முணுமுணுத்தால் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதோடு, சுவரில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளும் பயிற்சி பத்து முறை. வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். தொடைத் தசை வலுவானால் பெரும்பாலானவர்களுக்கு முழங்கால் வலியும் குறையும்.

நடையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்து பத்து நிமிடம். வாரத்தில் ஐந்து நாள் நடந்தாலே 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு அதுதான். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. வேகம் அவ்வளவு போதும். மதிய வெயிலில் வெளியே போகாதீர்கள், அலுவலக வராண்டாவே போதும்.

தட்டில் புரதம் சேருங்கள். காலையில் ஒரு முட்டை, அல்லது இட்லிக்குக் கெட்டியான சாம்பார்; மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல்; இரவுச் சப்பாத்தியோடு பருப்புக் கூட்டு. சோர்வு இருப்பதால் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைந்திருந்தாலும் எடை இறங்க மறுக்கும்.

பயிற்சி தொடங்கிய முதல் வாரங்களில் தசையில் நீர் தங்கி, எடை சற்றுக் கூடலாம். பயந்து நிறுத்திவிடாதீர்கள். எடையை வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். இடுப்பளவையும் குறித்து வையுங்கள்; பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. எடை அசையாத வாரத்தில்கூட டேப் இறங்கியிருக்கும்.

நீங்கள் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், தொடங்குமுன் உங்கள் டாக்டரிடம் அளவைப் பற்றிப் பேசுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நிறுத்தி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முழங்கால் வீங்கினால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.