சதுரங்கப் பலகை அரிசிக் கணக்கு: கேள்வி பதில்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு அரிசி, அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டங்களுக்கும் சேர்த்து 1,84,46,74,40,73,70,95,51,615 அரிசி வேண்டும். அந்த எண்ணைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

சார், 64 எண்களையும் உட்கார்ந்து கூட்டினார்களா?

வேண்டியதில்லை தம்பி. 1, 2, 4 மூன்றையும் கூட்டினால் 7. அடுத்த கட்டத்தில் இருப்பது 8. எங்கே நிறுத்தினாலும் கூட்டுத்தொகை அடுத்த கட்டத்துக்கு ஒன்று குறைவாகவே இருக்கும். ஆகவே 2-ஐ 64 முறை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் போதும்.

5-இல் முடிவதால் 5-ஆல் வகுபடும். வேறு எவற்றால் வகுபடும்?

இலக்கங்களைக் கூட்டினால் 87. எனவே 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. மற்ற காரணிகளுக்கு, இரு வர்க்கங்களின் வித்தியாசம், அதாவது a² − b² = (a − b)(a + b) என்று பள்ளியில் படித்த சூத்திரத்தையே திரும்பத் திரும்பப் போடுங்கள். எண் 3, 5, 17, 257, 65,537, 4,29,49,67,297 என்று ஆறு துண்டாகப் பிரியும். இவ்வளவு பெரிய எண்ணைக் கையாலேயே உடைக்க முடிவதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

அந்த ஆறும் பகா எண்களா?

முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் அப்படித்தான் என்று பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் அது 641-ஆல் வகுபடும் என்று காட்டினார்: 641 × 67,00,417. எல்லாப் பகா எண்களையும் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் என்பதையும் அவரே நிறுவினார். அந்த நிபந்தனைக்குப் பொருந்தும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று வரும். ஐந்தாவதிலேயே விடை! ஆக, நம் எண்ணுக்கு மொத்தம் ஏழு பகாக் காரணிகள், ஒன்றும் இரண்டு முறை வராது. ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்பதால், இரண்டை ஏழு முறை எழுதிப் பெருக்கினால் வருவதுபோல, எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் (வகுத்திகள்) மொத்தம் 128.

கணினி நிரலில் இதோடு 1 கூட்டினால் 0 வருகிறதே, ஏன்?

கணினி எண்களை 0, 1 என்ற பிட்டுகளாக வைத்துக்கொள்ளும்; 64 பிட்டுகளும் 1 ஆக இருக்கும் நிலைதான் இந்த எண். 64 பிட் கொண்ட, கழித்தல் குறி ஏற்காத (குறியில்லாத) முழு எண்ணுக்கு அங்கே 65-ஆவது பிட் கிடையாது. எனவே 1 கூட்டும்போது மேலே போக வேண்டிய மிகுதி விழுந்து, எல்லாப் பிட்டும் 0 ஆகிவிடுகிறது.

இவ்வளவு அரிசி உலகில் விளையுமா?

ஒரு அரிசி 25 மில்லிகிராம் என்று வைத்தால் சுமார் 46,000 கோடி டன். உலகின் ஓராண்டு அரிசி விளைச்சல் 50 கோடி டன்னைச் சற்றே தாண்டும். கேரளத்தின் அம்பலப்புழைக் கோயில் பால்பாயசக் கதையில், சதுரங்கத்தில் தோற்று இந்த அரிசியைத் தர வேண்டிய மன்னர் கடனைத் தவணையாகத் தீர்ப்பதற்குக் காரணம் இதுதான்.

ஐயா, என் பேத்திக்கு வயது எட்டு. அவளுக்கு எப்படிக் காட்டுவது?

முதல் வரிசை எட்டுக் கட்டங்கள் மட்டும் போதும் அம்மா. புளியங்கொட்டைகளை அவளே வைக்கட்டும். மொத்தம் 255 ஆகும். பிறகு அவற்றை மூன்று மூன்றாக, ஐந்து ஐந்தாக, பதினேழு பதினேழாக அடுக்கச் சொல்லுங்கள். ஒரு கொட்டைகூட மிஞ்சாது.