இலேசான பெல்லட் குறி தப்பாதா?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஓராண்டாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சிக்குப் போகிறாள். துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில் ஒரு போட்டியைப் பார்க்கப் போய்த் தொற்றிக்கொண்ட ஆசை. இதுவரை 0.53 கிராம் பெல்லட்டில்தான் (காற்றழுத்தத்தில் பாயும் சின்ன ஈயக் குண்டு) சுடுகிறாள். இப்போது கடைக்காரர், "0.45 கிராம் வாங்குங்கள், இலேசாக இருப்பதால் வேகமாகப் போகும், குறி தப்பாது" என்று ஆறு டப்பாவைச் சேர்த்து வாங்கச் சொல்கிறார். தள்ளுபடியும் தருகிறாராம். வாங்கலாமா? — மயூர் விஹாரிலிருந்து ஒரு தாய்

பதில்: வாங்காதீர்கள். கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் சிக்கல். ஒரே அளவு காற்று தள்ளும்போது இலேசான பெல்லட் வேகமாகத்தான் போகும். ஆனால் வேகம் வேறு, குறி வேறு.

போட்டிக்கான ஏர் ரைஃபிளிலிருந்து பெல்லட் விநாடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 10 மீட்டரைக் கடக்க 0.06 விநாடி போதும். உள்ளரங்கம் என்பதால் காற்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் வேகமாகப் போனால் பெல்லட் சற்று மேலே படும், அவ்வளவுதான். குறிக்கருவியைச் சில கிளிக் திருப்பினால் அந்த வித்தியாசம் தீர்ந்துபோகும். 0.45 கிராம் என்பது பெரும்பாலும் பிஸ்டலுக்காகச் செய்யப்படும் எடை. பிஸ்டலின் குழல் குட்டை, வேகமும் குறைவு. பெல்லட் சீக்கிரம் வெளியேற வேண்டும் என்பதால் அதற்கு இலேசாகச் செய்கிறார்கள். ரைஃபிளில் போட்டுச் சுட்டால் கெட்டுப்போகாது. சில பழைய கிளப் துப்பாக்கிகளில், ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், நன்றாகவே போகலாம். ஆனால் கடையில் நின்றபடி அதை யாராலும் சொல்ல முடியாது.

நீங்கள் காசு கொடுத்து வாங்குவது இலேசை அல்ல, ஒரே மாதிரித்தனத்தை. டப்பாவிலிருக்கும் ஐந்நூறும் ஒரே எடை, ஒரே வடிவம், ஒரே தலைவிட்டம். டப்பாவின் அடியிலோ பக்கத்திலோ 4.49, 4.50, 4.51 என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். பெல்லட் தலையின் விட்டம், மில்லிமீட்டரில். குழலுக்குக் குழல் உள்விட்டம் மயிரிழை மாறும் என்பதால், உங்கள் மகளின் துப்பாக்கிக்கு எது பொருந்துகிறது என்பது அந்தத் துப்பாக்கிக்கு மட்டுமே தெரிந்த விஷயம். அதற்குப் பக்கத்தில் லாட் எண், அதாவது ஒரே தடவையில் தயாரான சரக்கைக் காட்டும் எண். ஒரே நிறுவனம், ஒரே எடை, ஒரே தலைவிட்டம் என்றாலும் லாட் மாறினால் குணம் மாறலாம்.

இது எவ்வளவு முக்கியம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்தாம் வளையம் என்பது 0.5 மி.மீ. புள்ளி. 4.5 மி.மீ. பெல்லட்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து. அதாவது துளையின் நடு, இலக்கின் நடுவிலிருந்து 2.5 மி.மீ. வரை விலகலாம். தசமப் புள்ளியில் 10.9-லிருந்து 10.0 வரை அந்த 2.5 மி.மீ.க்குள்ளேதான் அடங்குகிறது. ஒரு மில்லிமீட்டர் விலகினால் 0.4 புள்ளி போயிற்று. நல்ல பெல்லட் காப்பாற்றுவது இந்த மில்லிமீட்டரின் துண்டுகளைத்தான். கைநடுக்கத்தால் எட்டுக்கும் ஏழுக்கும் போகும் துளையை இறக்குமதியாகும் எந்த ஜெர்மன் டப்பாவும் காப்பாற்றாது. மகள் இப்போது எந்த நிலையில் இருக்கிறாள் என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். பெரும்பாலான சுடுதல் ஒன்பதுக்குள் வராவிட்டால், பயிற்சிக்கு நடுத்தர விலை பெல்லட்டே போதும்.

சோதிக்க வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். இரண்டு மூன்று தலைவிட்டங்களில் ஒவ்வொரு டப்பா மட்டும் வாங்குங்கள். கிளப்பில் துப்பாக்கியைப் பிடித்து நிறுத்தும் கவ்வி இருந்தால் அதில், இல்லாவிட்டால் மேசைமேல் மணல்பையில் சாய்த்து, ஒவ்வொரு வகையிலும் பத்துப் பத்தாக மூன்று இலக்கு அட்டை சுடச் சொல்லுங்கள். ஒரே அட்டையை வைத்து முடிவெடுக்காதீர்கள். அதிர்ஷ்டத்துக்கும் அதில் பங்கு உண்டு. துளைக் கூட்டத்தின் வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்புவரை அளந்து 4.5-ஐக் கழித்தால் வருவது துளைகளின் உண்மையான பரவல். எது திரும்பத் திரும்பச் சிறியதோ, அதே லாட்டில் நாலைந்து டப்பா வாங்கிவையுங்கள். தகுதிச் சுற்றுக்கு 60 முறை சுட வேண்டும். 500 பெல்லட் அதிகபட்சம் எட்டுப் போட்டிக்கு வரும்.

தள்ளுபடி விஷயத்தில் எனக்குச் சூடுபட்ட அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் பாதி விலைக்கு மூன்று டப்பா வாங்கி வந்தேன். வீட்டில் திறந்தால் பெல்லட்டெல்லாம் விபூதி பூசியதுபோல் வெள்ளைப் பொடி. ஈயம் பழசாகி ஈரம் பட்டால் அப்படித்தான் ஆகும். பாதிக்குப் பின்பக்கத்தில் பாவாடைபோல் விரிந்திருக்கும் விளிம்பும் நசுங்கியிருந்தது. ஆகவே கடையிலேயே மூடியைத் திறந்து பாருங்கள். பத்துப் பெல்லட்டைக் கண்ணாடி மேல் உருட்டிவிட்டால், நல்லது சீராக வளைந்து ஓடும். நசுங்கியது தத்தித் தத்திப் போகும். கரோல்பாக் பேங்க் தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் நண்பரின் தராசில் ஒருமுறை ஐம்பது பெல்லட்டை நிறுத்தும் பார்த்தேன். அரை நாள் போனது. என் சுடுதல் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. அந்த வேலை உங்கள் மகளுக்கு வேண்டாம். பெல்லட்டைத் தொட்ட கையைக் கழுவாமல் டிபன் பெட்டியைத் திறக்கக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

இறக்குமதிப் பொருள் என்பதால் டப்பாவில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஒட்டியிருக்க வேண்டும். பில்லில் லாட் எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பழுதான சரக்கை மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கு அந்தப் பில் வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் தோட்டாவைத் தானே வீட்டில் நிரப்பி, இலேசான குண்டு வைத்து இலக்குச் சுடுதலில் நல்ல பலன் காண்கிறாராம். நான் இங்கே .22 ரைஃபிளில் 50 மீட்டர் சுடுகிறேன். நானும் செய்து பார்க்கலாமா? — துவாரகாவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: முடியாது, கூடவும் கூடாது. உங்கள் மச்சான் நிரப்புவது, உறையின் அடிப்பாகத்தின் நடுவில் தனி வெடிமுனை (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) செருகும் வகை. பழையதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதை வைக்கலாம். .22-இல் பற்றவைக்கும் மருந்து உறையின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கிறது. துப்பாக்கியின் சுத்தி அந்த விளிம்பை நசுக்கித்தான் வெடிக்கிறது; ஒருமுறை நசுங்கிய உறை குப்பைக்குத்தான். தவிர, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

.22 சுடுபவர்கள் செய்வது மேலே அந்த அம்மாவுக்குச் சொன்னதைத்தான். பல லாட்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, தங்கள் குழலுக்கு ஒத்துப்போகும் லாட்டைச் சோதித்துக் கண்டுபிடித்து, அது தீர்வதற்குள் கிடைக்கும் வரை வாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் உரிமத்தில் எத்தனை தோட்டா வரை என்று எழுதியிருக்கிறதோ, அதற்குள்.